கதை நாடகங்களின் வழியே கணக்கு

(நமது கல்விக் கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

     

ஒரு கூரைக் கொட்டகையில், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தொடங்கிய மாலை வகுப்பு, இன்று இருபத்தைந்து ஆண்டுகளைக் கண்ட கல்விக் கழகமாக வளர்ந்து நிற்கிறது. இக்காட்சியைக் காணும் பேறு எமக்குக் கிட்டியமைக்காகப் பெரிதும் மகிழ்கின்றோம்.

விழாக் குழுவினர் எம்மைச் சந்தித்தபோது, சமுதாய முன்னேற்றம் என்னும் தலைப்பில் உரையாற்றுமாறு பணித்தனர். யாமோ, வடை சுட்ட பாட்டியைப் பற்றியும் அப்பம் பங்கிட்ட குரங்கைப் பற்றியும் பேச இசைவு வேண்டினோம். அவர்கள் நகைத்தனர். முன்னேற்றத்திற்கும் பாட்டிக் கதைக்கும் என்ன தொடர்பு என்று உங்களுள்ளும் சிலர் எண்ணக்கூடும். அத்தொடர்பை விளக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

கணக்கு நமக்கு மறுக்கப்பட்ட வரலாறு

நம் முன்னோர்க்குத் திண்ணைப் பள்ளியின் வாயில் அடைபட்டிருந்தது. எண்சுவடியும் கீழ்வாய் இலக்கமும் கற்பிக்கப்பட்ட திண்ணைகளின் ஓரத்தில் நிற்கவும் அவர்களுக்கு உரிமையில்லை. 1893-ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்டோர் கல்விக்கெனத் தனி ஆணை பிறப்பித்தது. 1894-இல் அடையாற்றில் கர்னல் ஆல்காட் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி ஒன்றைத் திறந்தார். 1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார். நமது கழகமும் அவ்வழியில் வந்த ஒரு சிறு கிளையே.

பள்ளிக்குள் நுழைந்த பின்னும் கணக்கு நம்மை எளிதில் அண்டவிடவில்லை. அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற காலத்தில், ஒரு நாள் ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்துக் கணக்கு ஒன்றைப் போடச் சொன்னார். உடனே மற்ற மாணவர்கள் கூச்சலிட்டு ஓடி, கரும்பலகையின் பின்னே வைத்திருந்த தங்கள் உணவுப் பெட்டிகளை அகற்றினர். அதன் பின்னரே அவர் பலகையைத் தொட முடிந்தது என்று அவர்தம் வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அதே மாணவர்தாம் பின்னாளில் இலண்டனில் பொருளியல் ஆய்ந்து, 1923-இல் இந்திய ரூபாயின் சிக்கலைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். ஒரு நாட்டின் நாணயத்தையே கணக்குப் பார்த்தவர் அவர் என்பதை நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும்.

எம் தந்தையாரும் மரக்காலும்

இனி, எம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கூற விடை தருக.

யாம் நான்காம் வகுப்பு பயின்றபோது எம் தந்தையார் அறுவடைக் கூலியாக ஆறு மரக்கால் நெல் பெற்று வந்தார். எம் பகுதியில் மரக்காலுக்கு எட்டுப் படி என்பது வழக்கு. அந்த வாரம்தான் பள்ளியில் எட்டாம் வாய்பாடு முடிந்திருந்தது. புதிதாய்க் கற்ற ஆர்வத்தால், வீட்டிலிருந்த படியை எடுத்து நெல்லை அளந்தோம். ஆறெட்டு நாற்பத்தெட்டு வரவேண்டும், நாற்பத்திரண்டுதான் வந்தது. தவறு எம்முடையதே என்று அஞ்சி மறுபடியும் அளந்தோம். மீண்டும் நாற்பத்திரண்டே. களத்தில் அளந்த மரக்காலின் அடிப்பலகை உயர்த்தப்பட்டிருந்தது. மரக்கால் ஒவ்வொன்றிலும் ஒரு படி நெல் குறைந்திருந்தது.

தந்தையார் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் களத்திற்குச் சென்று, எங்கள் வீட்டுப் படியாலும் ஒரு முறை அளந்து பார்க்கலாமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அந்த அறுவடை முடியும்வரை அவரை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை. உடன் உழைத்தவர்களுள் எவரும் அவருக்காகப் பேசவுமில்லை. அவர்கள் கோழைகளல்லர். தமக்கும் அவ்வாறே குறைந்தது என்பதை அவர்கள் அறியார். அளந்து பார்த்திருந்தாலும், ஆறெட்டு எவ்வளவு என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

அன்று தொடங்கி ஓர் எண்ணம் எம்மை விட்டு நீங்கவில்லை. கணக்குத் தெரிந்தவர் ஒருவர் மட்டுமே இருந்தால், அவர் வெளியேற்றப்படுவார். தெருவே கணக்கு அறிந்திருந்தால், மரக்காலின் அடிப்பலகை தானே கீழிறங்கும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையான கொடுமைக்குப் பின்னே, கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டம் இருந்தது. படியும் மரக்காலும் நமக்கு வெறும் பாடநூற் சொற்களல்ல.

ஆகவே, கணக்கைப் பலர் கூடியிருந்து, பலர் கண்முன்னே, பலர் வாயால் சொல்லிக் கற்கும் வழி எது என்று தேடினோம். ஆசிரியப் பணிக்கு வந்த பின் யாம் கண்ட வழிகளுள் ஒன்றே கதை நாடகம். ஒரு கணக்கை நாற்பது பேர் ஒருங்கே காணும் இடம் அது.

கடையில் தெரிந்தது பலகையில் தெரியாதது ஏன்?

நம் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று சொல்லும் ஆசிரியர்கள் இன்றும் உளர். அப்பிள்ளையே மாலையில் அண்ணனுடன் பூக்கடையில் நின்று, முழம் 20 ரூபாய் வீதம் மூன்றரை முழத்திற்கு 70 ரூபாய் வாங்கிக்கொண்டு, நூறு ரூபாய்த் தாளுக்கு மீதி 30 ரூபாயைத் தயங்காமல் எண்ணித் தருவதைக் காண்கிறோம். மறுநாள் அதே கணக்கைப் பலகையில் எழுதினால் திகைத்து நிற்கிறது.

இது நம் ஊரில் மட்டும் காணும் புதுமையன்று. பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரில், தெருவில் இளநீரும் பழமும் விற்ற சிறுவர்களை ஆராய்ந்து 1985-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. விற்பனையின்போது அவர்கள் நூற்றுக்கு 98 கணக்குகளைச் சரியாகச் செய்தனர். அதே வகைக் கணக்குகளைக் கதையோ பொருளோ இன்றி வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது நூற்றுக்கு 37 மட்டுமே சரியாயின. கொல்கத்தா, தில்லி நகரங்களின் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களைப் பற்றி 2025-இல் வெளிவந்த ஆய்வும் இதனை ஒத்தே அமைந்தது. சந்தையில் வல்லவரான பிள்ளைகள் பாடநூற் கணக்கில் தடுமாறினர். பள்ளிக்கு மட்டுமே சென்ற பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினர்.

இரண்டு கரைகளுக்கும் இடையே பாலம் ஒன்று வேண்டியிருக்கிறது. கதை நாடகம் அப்பாலங்களுள் ஒன்றாகும். கதைக்குள் சென்ற குழந்தைக்கு அங்கே இழக்கவும் பெறவும் ஏதோ ஒன்று இருக்கிறது. ஆகையால் அது எண்ணத் தொடங்குகிறது.

விறகுவெட்டியின் கட்டு

முதலில் இரண்டாம் வகுப்பிற்குரிய நாடகத்தைக் கூறுவோம். கழித்தலில் 'கடன் வாங்கிக் கழித்தல்' என்று ஒரு முறையைக் கற்பிக்கிறோம். நாற்பத்து மூன்றிலிருந்து பதினேழைக் கழிக்க, மூன்றிலிருந்து ஏழு போகாது. ஆகவே பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு என்கிறோம். ஒரு முறை எமது வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து, "கடன் வாங்கினால் திருப்பித் தர வேண்டாமா, ஐயா?" என்று கேட்டான். யாம் விடையின்றி நின்றோம். அக்குழந்தையின் வீட்டில் கடன் என்னும் சொல் எத்தகைய அச்சத்தோடு ஒலிக்கும் என்பதை யாம் அறிவோம். திருப்பித் தராத கடனை அவன் நம்ப மறுத்ததில் வியப்பில்லை.

அதன்பின் கோடரியை ஆற்றில் தவறவிட்ட விறகுவெட்டியின் கதையை எடுத்துக்கொண்டோம். தேவதை வருவதற்கு முன், அவன் விறகு விற்கும் காட்சி ஒன்றைச் சேர்த்தோம். தென்னை ஈர்க்குகளே விறகு. பத்து ஈர்க்கு சேர்ந்தால் ஒரு கட்டு. விறகுவெட்டியிடம் நான்கு கட்டும் மூன்று உதிரியும் இருந்தன. ஒருவர் வந்து பதினேழு விறகு கேட்டார். உதிரியில் ஏழு இல்லை. விறகுவெட்டியாக நின்ற சிறுமி சற்று நேரம் விழித்தாள். பிறகு ஒரு கட்டின் நாரை அவிழ்த்தாள். இப்போது மூன்று கட்டும் பதின்மூன்று உதிரியும் ஆயின. ஒரு கட்டையும் ஏழு உதிரியையும் கொடுத்தாள். இரண்டு கட்டும் ஆறு உதிரியும், அதாவது இருபத்தாறு, அவளிடம் எஞ்சின.

அன்றுமுதல் எமது பள்ளியில் அதன் பெயர் 'கட்டவிழ்த்துக் கழித்தல்' என்றாயிற்று. யாரிடமும் கடன் வாங்கவில்லை. தன் பொருளையே பிரித்துக் கொடுத்தாள் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டனர். பத்து என்பது ஒன்றுகளின் கட்டு என்னும் அடிப்படையை ஒரு நாரும் சில ஈர்க்குகளும் விளக்கிவிட்டன.

பாட்டியின் வடைக் கடை

அடுத்தது நாம் அனைவரும் அறிந்த பாட்டி, காக்கை, நரி கதை. இதனை மூன்றாம், நான்காம் வகுப்புகளில் நடித்தோம். பாட்டி உளுந்து, எண்ணெய், விறகு ஆகியவற்றிற்கு 70 ரூபாய் செலவிட்டு 20 வடை சுட்டாள். ஒரு வடை 5 ரூபாய். அனைத்தும் விற்றால் 100 ரூபாய்; மிச்சம் 30 ரூபாய். காக்கை ஒன்றைக் கவ்விச் சென்றது. பாட்டிக்கு எவ்வளவு நட்டம்?

ஐந்து ரூபாய் என்றனர் சிலர். ஒரு வடைக்கு ஆன செலவு மூன்று ரூபாய் ஐம்பது காசு; ஆகவே நட்டமும் அதுவே என்றனர் வேறு சிலர். இரு சாராரும் வழக்காடினர். மாலைக்குள் மற்ற வடைகள் எல்லாம் விற்றுவிட்டால் கையில் வருவது 95 ரூபாய். எனவே குறைந்தது 5 ரூபாய். எப்படியும் ஒரு வடை விற்காமல் மீந்து போகும் என்றால், காக்கையால் வந்த இழப்பு ஒன்றுமில்லை. இவ்வளவையும் ஒன்பது வயதுப் பிள்ளைகள் தாமே பேசி முடிவுசெய்தனர். கொள்முதல் விலை, விற்பனை விலை, இலாபம், நட்டம் ஆகிய சொற்களை அதன் பின்னரே பலகையில் எழுதினோம்.

இறுதியில், அதுவரை பேசாதிருந்த ஒரு மாணவி, "பாட்டி காலையிலிருந்து அடுப்பின்முன் உட்கார்ந்தாளே, அவள் கூலி எங்கே, ஐயா?" என்று கேட்டாள். அவள் தாயார் நாட்கூலிக்குச் செல்பவர். 30 ரூபாயை இலாபம் என்று எழுதியிருந்தோம். அந்த 30 ரூபாய் ஒரு நாள் கூலிக்கும் போதாது என்பதை அக்குழந்தை எமக்கு எடுத்துக் காட்டியது. உழைப்பைக் கணக்கில் சேர்க்காத ஏட்டைத்தான் நம் முன்னோர்க்கு எதிராக நெடுங்காலம் எழுதி வந்தனர். அவ்வேட்டின் பிழையை ஒரு நான்காம் வகுப்புச் சிறுமி கண்டுபிடித்தாள்.

குரங்கு பங்கிட்ட அப்பம்

இனி, எமக்கு மிகவும் பிடித்த நாடகத்திற்கு வருவோம். இரண்டு பூனைகள் ஓர் அப்பத்திற்குச் சண்டையிட்டுக் குரங்கிடம் நியாயம் கேட்கச் சென்ற கதை அது. ஒரு குச்சியில் இரண்டு கொட்டாங்கச்சிகளைக் கட்டித் தராசு செய்தோம். இருபது புளியங்கொட்டைகளே அப்பம். குரங்கு வேண்டுமென்றே ஒரு தட்டில் 12, மறு தட்டில் 8 என்று வைத்தது.

இடத்தட்டு தாழ்ந்தது. சமன் செய்வதாகச் சொல்லிக் குரங்கு அதிலிருந்து 6 கொட்டைகளை எடுத்துத் தன் பைக்குள் போட்டது. இப்போது 6, 8. வலத்தட்டு தாழ்ந்தது, அதிலிருந்து 4 போயிற்று. 6, 4. பிறகு இடப்புறம் 3 போயிற்று, 3, 4. வலப்புறம் 2, 3, 2. இடப்புறம் 2, 1, 2. வலப்புறம் 1, 1, 1. தராசு ஒருவாறு நேராக நின்றது. மீந்த இரண்டும் எனக்குக் கூலி என்று அவற்றையும் குரங்கு எடுத்துக்கொண்டது. பூனைகள் வெறுங்கையோடு நின்றன. வகுப்பே கூச்சலிட்டது.

அவ்விடத்தில் நாடகத்தை நிறுத்தினோம். "குரங்கிடம் போகாமலேயே பூனைகள் சமமாகப் பங்கிட்டிருக்க முடியுமா? 12 உள்ள தட்டிலிருந்து 8 உள்ள தட்டிற்கு எத்தனை மாற்றவேண்டும்?" என்று கேட்டோம். ஏறத்தாழ எல்லோரும் ஒரே குரலில் "நான்கு" என்றனர். சரியா தவறா என்று யாம் கூறவில்லை. பூனைகளையே மாற்றச் சொன்னோம். மாற்றியதும் இப்புறம் 8, அப்புறம் 12 ஆயிற்று. அனைவரும் திகைத்தனர். மறுபடியும் தொடக்கத்திலிருந்து, ஒவ்வொன்றாக மாற்றினர். ஒன்றை மாற்றியதும் 11, 9. இரண்டாவதை மாற்றியதும் 10, 10.

வேறுபாடு நான்கு, மாற்ற வேண்டியது இரண்டு. ஏன்? பூனையாக நடித்த சிறுமியே விடை சொன்னாள்: "ஒன்றை எடுத்தால் இங்கே ஒன்று குறைகிறது, அங்கே ஒன்று கூடுகிறது. ஒரு கொட்டைக்கு இரண்டு வேறுபாடு போய்விடுகிறது, ஐயா." வேறுபாட்டில் பாதி என்னும் இவ்விதியை யாம் பல ஆண்டுகள் பலகையில் எழுதிப்போட்டும் பதியாதிருந்தது. அவள் வாயிலிருந்து வந்த பிறகு அதை எவரும் மறக்கவில்லை.

பின்னர், குரங்காக நடித்த சிறுவனை நோக்கி, "உன் களவு எப்போது வெளிப்படும் என்று அஞ்சினாய்?" என்று வினவினோம். "அவர்கள் தராசின் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எண்ணத் தொடங்கியிருந்தால் மாட்டியிருப்பேன்" என்றான். இளைஞர்களே! இவ்வொரு வாக்கியத்தை எடுத்துச் செல்லுங்கள். எம் தந்தையாரின் களத்தில் நடந்ததும் அதுவே.

இரட்டிக்கும் நெல்மணி

ஐந்தாம் வகுப்பிற்குச் சதுரங்கப் பலகையின் கதை. அறிஞர் ஒருவர் அரசனிடம் முதற் கட்டத்திற்கு ஒரு நெல்மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று இரட்டித்துக் கேட்டார். அரசன் எள்ளி நகைத்தான். தரையில் சுண்ணக்கட்டியால் கட்டமிட்டு, பிள்ளைகள் கொண்டுவந்த புளியங்கொட்டைகளை அடுக்கினோம். எட்டாம் கட்டத்தில் 128. முதல் வரிசை முழுவதும் 255. கொட்டைகள் அத்தோடு தீர்ந்தன. ஒன்பதாம் கட்டத்திற்கு 256 வேண்டும். அதாவது, அதுவரை வைத்த எல்லாவற்றையும்விட ஒன்று அதிகம்! ஒவ்வொரு கட்டமும் முன்னுள்ள அனைத்தின் கூட்டலைவிட ஒன்று கூடுதல் என்பதைப் பிள்ளைகளே கண்டனர். பதினாறாம் கட்டத்தில் 32,768. அறுபத்து நான்கு கட்டங்களின் மொத்தம் இருபது இலக்க எண் என்று கூறியபோது, அரசனாக நடித்தவன் தன் அட்டைக் கிரீடத்தைக் கழற்றி அறிஞர்முன் வைத்தான். அது ஒத்திகையில் இல்லாத செயல்.

இக்கதையை யாம் நெல்மணியோடு விட்டுவிடுவதில்லை. நம் தெருக்களில் மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி என்று கடன் வாங்குவோர் உண்டு. 1,000 ரூபாய் வாங்கி, வட்டி கட்ட இயலாமல் அது முதலோடு சேர்ந்துகொண்டே போனால், எட்டாம் மாதத்தில் கடன் ஏறத்தாழ 2,144 ரூபாய். ஆண்டு முடிவில் 3,138 ரூபாய். தமிழ்நாட்டில் அதிவட்டி வசூலித்தலைத் தடை செய்யும் சட்டம் 2003-இல் இயற்றப்பட்டது. ஆனால் தம் கடன் எவ்வாறு வளர்ந்தது என்று கணக்கிட அறியாதவர் எதைக் கூறி முறையிடுவார்? மாதந்தோறும் வளரும் அத்தொகையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் எழுதிக் காட்டினால், அதுவே அவ்வீட்டிற்கு ஒரு காவலாகும்.

நடத்தும் முறை

இம்முறையைப் பின்பற்ற விரும்பும் இளைஞர்களுக்குப் பட்டறிவால் அறிந்த சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, ஒரு நாடகத்திற்கு ஒரு கணக்கே போதும். இருபது நிமிடத்திற்கு மேல் நீளலாகாது.

இரண்டாவது, எண்ணும் பொருள் மெய்யாக இருத்தல் வேண்டும். இருப்பதாகப் பாவித்தல் கூடாது. கொட்டை, ஈர்க்கு, கூழாங்கல் ஆகியவை செலவில்லாமல் கிடைப்பவை.

மூன்றாவது, விடை தேவைப்படும் இடத்தில் நாடகத்தை நிறுத்துக. பார்த்திருக்கும் பிள்ளைகள் அனைவரும் தத்தம் ஏட்டில் விடை எழுதிய பின்னரே கதை நகரவேண்டும். பார்ப்பவரும் நடிப்பவரே என்பது இம்முறையின் உயிர்.

நான்காவது, கதை முடிந்ததும் அதே கணக்கை எண்களால் பலகையில் எழுதுக. மறுநாள் கதையில்லாமல் எண்களை மட்டும் கொடுத்துப் பழக்குக. பாலத்தைக் கடந்து அக்கரைக்குச் செல்லவேண்டும். பாலத்திலேயே குடியிருத்தல் கூடாது. வாய்பாட்டை மனப்பாடம் செய்வதற்கு நாடகம் மாற்றன்று. எட்டாம் வாய்பாடு நாவில் இல்லாதிருந்தால், அன்று யாம் அந்த ஆறு படியைக் கண்டிருக்க மாட்டோம்.

இங்கே எமது தவறு ஒன்றையும் ஒளிக்காமல் கூறுதல் கடன். ஒரு முறை சதுரங்கக் கதையைப் பள்ளி ஆண்டு விழாவில் மேடையேற்றினோம். சரிகை ஆடை, வண்ண விளக்கு, ஒலிபெருக்கி எல்லாம் இருந்தன. கைதட்டல் வானைப் பிளந்தது. மறுநாள் வகுப்பில் பத்தாம் கட்டத்தில் எத்தனை மணி என்று கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. கிரீடத்தை அனைவரும் நினைவில் வைத்திருந்தனர். 512 என்னும் எண்ணை எவரும் வைத்திருக்கவில்லை. அன்றோடு சரிகையைக் கைவிட்டோம்.

ஐந்தாவது, மிக இன்றியமையாதது. வேடங்கள் சுழன்று வரவேண்டும். எம் பள்ளிப் பருவத்தில், ஆண்டு விழா நாடகத்தில் எமக்குக் கிடைத்தது திரை இழுக்கும் வேலை. மறு ஆண்டு வாயிற்காவலன் வேடம். பேச ஒரு சொல்லும் இல்லை. அரசன் வேடம் எந்தத் தெருவிற்குச் செல்லும் என்பது ஒத்திகைக்கு முன்பே முடிவாகியிருந்தது. எண்ணுபவன் அமைச்சன், சுமப்பவன் ஏவலன் என்று கதை இருக்கலாம். ஆனால் ஒரே பிள்ளை எப்போதும் சுமந்துகொண்டிருத்தல் கூடாது. எமது வகுப்பில் பெயர்களைச் சீட்டெழுதிக் குலுக்கி எடுக்கிறோம். அவ்வாறே ஆண்டு முழுவதும் வாய் திறவாதிருந்த ஒரு மாணவிக்கு அமைச்சர் வேடம் விழுந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை மணி என்று அரசனுக்கு அறிவிப்பது அவள் பணி. முதல் மூன்று கட்டங்களுக்கு அவள் குரல் எழவில்லை. நான்காம் கட்டத்தில் அரசன் வேண்டுமென்றே "ஏழுதானே?" என்றான். "எட்டு, அரசே!" என்று அவள் உரக்கக் கூறினாள். அக்குரல் இன்றும் எம் செவியில் ஒலிக்கிறது.

இதனால் எல்லாப் பிள்ளைகளும் கணக்கில் வல்லவராயினர் என்று யாம் பறைசாற்றவில்லை. பின்தங்கியவர் இன்னும் உளர். அவர்களுக்குத் தனித்து உட்கார்ந்து கற்பிக்கும் உழைப்பு என்றும் வேண்டும். ஆனால் கணக்குப் பாடவேளையில் வயிற்று வலி என்று வீட்டிற்கு ஓடும் பிள்ளைகள் குறைந்தனர். தவறான விடை சொன்னால் அடி விழும் என்ற அச்சம் அகன்று, தவறான விடையால் பூனைக்கு அப்பம் போய்விடும் என்ற கவலை வந்தது. அச்சத்தால் மூடிய வாயைக் கவலை திறக்கிறது.

கழகத்திற்கு ஒரு வேண்டுகோள்

கலையைக் கல்விக்குத் துணையாக்குதல் நம் மாநிலத்திற்குப் புதிதன்று. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் தெரு நாடகங்களின் வழியே முதியோரை எழுத்தறிவிற்கு அழைத்தது. 2022-இல் அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் பாடல், கதை, பொம்மலாட்டம் ஆகியவற்றைத் தொடக்க வகுப்பிற்குக் கொண்டு வந்தது. ஆயினும் பள்ளி மணி அடித்தபின் பிள்ளை வாழும் உலகம் நம் தெருதான். அங்கே செய்ய வேண்டிய பணி நம் கழகத்தினுடையது.

ஆதலின் இவ்வெள்ளி விழாவில் ஒன்றை வேண்டுகின்றோம். நம் மாலை வகுப்புகள் ஒவ்வொன்றிலும் வாரத்தில் ஒரு நாள் கதை நாடகக் கணக்கிற்கென ஒதுக்கப்படுதல் வேண்டும். கல்லூரியில் பயிலும் நம் இளைஞர்கள் இருவர் இருவராக அதனை ஏற்று நடத்துதல் வேண்டும். வகுப்பறைக்குள் நடத்தாமல் தெருவிளக்கின் கீழ், தாய்மார்களும் பெரியோர்களும் சூழ்ந்திருக்க நடத்துக. குரங்கு கொட்டையை எடுக்கும்போது பாட்டிமாரும் சேர்ந்து எண்ணட்டும். நியாயவிலைக் கடையின் எடை, சுயஉதவிக் குழுவின் சேமிப்பேடு, கொத்தனாரின் வாரக் கூலி என்று தாய்மார்கள் தம் வீட்டுக் கணக்குகளையே கதைக்குள் கொண்டுவரட்டும்.

எம் தந்தையார் இன்று இல்லை. அந்தப் படி மட்டும் எம் இல்லத்தில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறந்த முதல் வாரம் அதனை வகுப்பிற்கு எடுத்துச் செல்கிறோம். மரக்காலுக்கு எத்தனை படி என்று கேட்கிறோம். பிள்ளைகள் அளந்து பார்த்துவிட்டு, எட்டு என்று ஒரே குரலில் கூறுகின்றனர். அன்று களத்தில் ஒற்றைக் குரலாய் நின்ற எம் தந்தையாருக்கு அந்த நாற்பது குரல்களும் சேர்ந்து துணை நிற்பதாக யாம் உணர்கின்றோம். அக்குரல்கள் பெருகி ஊர்தோறும் ஒலிக்க நமது கழகம் துணைபுரியட்டும். அது நூற்றாண்டு காணட்டும் என வாழ்த்துகின்றோம்.